சக்கரத்துக்கு வைத்த கல்

ராத்திரி மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பெருமுக்கல்லிலிருந்து திண்டிவனம் போகிற ரோடு. இப்போது இருப்பதுபோல் அகலமான ரோடு இல்லை… தொண்ணூற்றேழாம் வருஷத்து ரோடு. எதிரே ஒரு பஸ் வந்தால் ஒரு பக்கத்துச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் புளியமரம். வைகாசி மாதம். காற்று செத்துக் கிடந்தது. ஓர் இலை அசையவில்லை.

அந்த ரோட்டில் ஒரே ஒரு லாரி. அதற்கும் ஒற்றைக் கண்தான். இடது விளக்கு மட்டும் மஞ்சளாக எரிகிறது.

ஓட்டிக்கொண்டு போனவர் தொம்மை. நம்மோடு காலேஜில் படித்தானே ஜெனித், அவனுடைய தாய்மாமன். முகையூர்க்காரர். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதிகம் பேசுகிற ஆளும் இல்லை.

மூன்று பேரிடம் ஓடித் தேய்ந்து, நாலாவது கையாக அவரிடம் வந்த வண்டி. அவர் கல்யாணத்துக்கு முன்னாலேயே ரோட்டுக்கு வந்துவிட்ட வண்டி. கதவைச் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. ஆனால் வேறு ஒருத்தன் அதில் ஸ்பேனர் வைக்க விடமாட்டார். ஒருமுறை விழுப்புரத்தில் ஏதோ ஒரு ஷெட்டில் விட்டு, நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டி அனுப்பிவிட்டார்களாம். அன்றோடு சரி. கிளட்ச் ஆனாலும் அவர்தான், ஸ்பிரிங் பட்டை ஆனாலும் அவர்தான். ஹேண்ட் பிரேக் மட்டும் பெயருக்கு இருந்தது. இழுத்தால் கையோடு வரும், வண்டி நிற்காது. அதையும் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்.

"கோயில்ல அரை மணி நேரம் முட்டி போட்டா கால் நோவுதுன்னுவாரு. வண்டிக்கு அடியிலன்னா நாளெல்லாம் படுத்துக்கினு இருப்பாரு" என்று அவர் மனைவி அமல்ராணி ஊரெல்லாம் சொல்வார்.

அந்த அமல்ராணிதான் அன்று ராத்திரி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி. அதற்குள் வெள்ளை கவுன், தலைக்கு வைக்கிற பூக்கிரீடம். விடிந்தால் மகள் அக்னஸுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். ஏழு மணிக்குப் பூசை. பெருமுக்கல் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்த அமல்ராணியின் அக்காள் எலிசாதான் கவுன் தைத்திருந்தாள். அதை வாங்கப் போகிற சாக்கில், தொம்மை குவாரியில் கல் ஏற்றப் போன வண்டியிலேயே இவரும் ஏறிக்கொண்டார். புருஷனைத் தனியாக விட்டால் பூசைக்கு வந்து சேரமாட்டார் என்கிற பயம் ஒரு பக்கம்.

பயந்தபடிதான் ஆனது. குவாரியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முகையூர் வேங்கடேசன் வீட்டு மதில் அஸ்திவாரத்துக்குக் கருங்கல்… அதை ஏற்றி முடிப்பதற்குள் பாதி ராத்திரி போய்விட்டது.

"மணி இன்னா ஆவுது பாருங்க. கொழந்தைக்குத் தலை பின்னணும். சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ண வச்சிட்டு வந்தீங்களா, அதுவும் இல்ல."

"ஜல்தியா பூடலாம் அமலு. வெடியறதுக்குள்ள வூட்டாண்ட இருப்போம்."

"அந்தக் கல்லை நாளைக்கி ஏத்துனா கொறஞ்சா பூடும்?"

 தொம்மையின் காது வேறு எங்கோ இருந்தது.

டங்…

காலுக்குக் கீழே. தகரத்துக்கு அடியில்.

டங்… டங்…

வேகத்தைக் குறைத்தார். சத்தமும் குறைந்தது. கூட்டினார். டங், டங், டங் என்று கூடவே ஓடி வந்தது.

"கிராஸ் போச்சு" என்றார்.

என்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரம் வரைக்கும் கொண்டுபோக வண்டிக்கு அடியில் ஒரு நீளமான இரும்புத் தண்டு இருக்கும். அதன் மூட்டுதான் கிராஸ். அது விட்டுப்போனதோடு ஓட்டினால் தண்டு அறுந்து கீழே குத்தும்; லோடு வண்டியையே தூக்கிப் போட்டுவிடும். நிறுத்துவதைத் தவிர வழி இல்லை. இடம் பார்த்து நிறுத்தவும் முடியவில்லை. முன்னால் ஓர் ஏரிக்கரை. ரோடு கரைமேல் ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் பாதியில்தான் வண்டி நின்றது. என்ஜினை அணைத்ததும் காது அடைத்துக்கொண்டது போல ஒரு நிசப்தம். ஏரியில் தண்ணீர் இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை.

"எதுனா வண்டி வந்தா நிறுத்தி, திண்டிவனத்துலேர்ந்து மெக்கானிக்க இட்டாரலாங்க."

"எதுக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"ஐயோ, நடுராத்திரியில பேசற பேச்சைப் பாரு" என்று அமல்ராணி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தொம்மை இறங்கினார். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு, லோடிலிருந்தே இரண்டு பெரிய கல்லை உருட்டித் தள்ளிப் பின்சக்கரங்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் கல் எடுத்து, பின்னால் வருகிற வண்டிக்குத் தெரியட்டும் என்று ரோட்டின் குறுக்கே சற்றுத் தள்ளி வரிசையாக வைத்தார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். ரிப்பேர் ஆன லாரிக்குப் பின்னால் கல். வேலை முடிந்ததும் அவனவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கல் அங்கேயே கிடக்கும். லாரிக்காரனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இருட்டில் மோப்பட்டில் வருகிறவனுக்குத்தான்… சரி, அதை விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டைக் கழற்றிவிட்டால் வண்டியை கியரில் போட்டும் பயன் இல்லை. ஹேண்ட் பிரேக்கும் இல்லை. அத்தனை கல் பாரத்தோடு ஏற்றத்தில் நிற்கிற வண்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தது அந்த இரண்டு கல்தான். தொம்மை டூல்பாக்ஸில் எப்போதும் வைத்திருக்கிற புதுக் கிராஸை எடுத்துக்கொண்டு, கோணியை விரித்து, வண்டிக்கு அடியில் குறுக்காகப் படுத்துக்கொண்டார். கால் இரண்டும் முன்சக்கரத்துக்குப் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தால் போதும்.

அது அவருக்கும் தெரியும். எத்தனையோ முறை அப்படிப் படுத்தவர்தானே.

அமல்ராணி இறங்கி வந்து, அவர் கால்மாட்டில் குந்திக்கொண்டு டார்ச் அடித்தார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள… ஆங், அப்படியே பிடி."

போல்ட் ஒவ்வொன்றாகக் கழன்றது. முகத்தில் கிரீஸும் மண்ணும் உதிர்ந்தது. கடைசிப் போல்ட்டை எடுத்ததும் தண்டின் ஒரு முனை இறங்கி, அவர் மார்பில் உட்கார்ந்தது. நல்ல கனம். ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டே பழைய கிராஸைச் சுத்தியலால் தட்டினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கர்ர்ர்…ரக்.

பின்னால். ரோட்டில். தாரின்மேல் கல்லை இழுக்கிற சத்தம்.

சுத்தியலை நிறுத்தினார். சத்தமும் நின்றது. நாய் எதையாவது இழுக்கும் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார்.

கர்ர்ர்…ரக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு…

தொம்.

தலைக்கு மேல். லோடின்மேல் கல் விழுந்த சத்தம். ஸ்பிரிங் பட்டை முனகியது. அவர் கண்ணில் மண் கொட்டியது.

"அமலு, இன்னாது அது?"

பதில் இல்லை.

"அமலு!"

டார்ச் வெளிச்சம் ஆடாமல் அசையாமல் அப்படியே இருந்தது. கோபத்தில் இருக்கிறாள், பேசமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.  ஆனால் விரல் அவசரப்பட்டது. புதுக் கிராஸை எடுத்து வைத்தால் உட்காரவில்லை. திருப்பி வைத்தார். மறுபடியும் உட்காரவில்லை.

கர்ர்ர்…ரக். இந்த முறை கிட்டத்தில்.

தொம்.

கர்ர்ர்…ரக்.

தொம்.

யாரோ நிதானமாக, ஒவ்வொரு கல்லாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ரோட்டின் குறுக்கே வைத்த வரிசை முடிந்துபோனது. வாசனை வந்தது… டயர் தேய்ந்து கருகிய வாசனை. அதோடு சேர்ந்து, தலையில் வைத்து வாடிப்போன மல்லிகை வாசனை.

தொம்மை கழுத்தை மட்டும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

வலது பின்சக்கரத்துக்கு அந்தாண்டை இரண்டு கால். பொம்பளைக் கால். ஒன்றில் செருப்பு இருந்தது. இன்னொன்றில் இல்லை. புடவைக் கரை கிழிந்து தரையில் இழுபட்டுக்கொண்டு இருந்தது. அமல்ராணி இல்லை, அமல்ராணி இந்தப் பக்கம், அவர் கால்மாட்டில்தான் இருக்கிறார்.

இரண்டு கை இறங்கி வந்தது. கண்ணாடி வளையல் கலகலவென்றது. வலது சக்கரத்துக்கு வைத்திருந்த கல்லைப் பிடித்து…

அது ஓர் ஆம்பிள்ளை உருட்டித்தான் தள்ள முடிகிற கல். பூசணிக்காயை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போனது.

தொம்.

வண்டி லேசாக அசைந்தது. பின்னால் எங்கேயோ கிரீச் என்று இரும்பு உரசியது. இப்போது அத்தனை பாரமும் இடது சக்கரத்துக் கல்லின்மேல். தொம்மைக்குக் கத்த வாய் வந்தது, மூச்சு வரவில்லை. மார்பில் தண்டு. உருண்டு வெளியே போகலாம் என்றால் அது விடவில்லை. பாதியில் தள்ளிவிட்டால் கையை நசுக்கும்.

கால் இரண்டும் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு இடது சக்கரத்துக்கு வந்தது. செருப்புப் போட்ட கால் 'சரக்' என்றது. மற்றது சத்தமே போடவில்லை.

கை இறங்கியது. கல்லைத் தொட்டது.

"ஏய்! அதுல கை வைக்காத!" எப்படியோ கத்திவிட்டார்.

கை நின்றது. வளையல் சத்தமும் நின்றது.

பிறகு ஒரு குரல். சின்னப் பொண்ணுக் குரல். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காத பொண்ணு பக்கத்து வீட்டில் வந்து தண்ணீர் கேட்குமே, அவ்வளவு மரியாதையாக.

"அண்ணா… இது உங்களுதா?"

"எங்… எங்களுதுதாம்மா. உட்டுடும்மா."

"போவும்போது எடுத்துக்கினு போவீங்களா?"

தொம்மை கல்மேல் இருந்த அந்தக் கையையே பார்த்தார்.

"எல்லாரும் அப்டியே உட்டுட்டுப் பூட்றாங்கண்ணா."

"எடுத்துக்கினு போறேம்மா. மாதா மேல சத்தியம். ஒரு கல்லு உடமாட்டேன்."

கை அப்படியே இருந்தது. நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி, விரல் ஒன்று கல்லைத் தடவிக்கொண்டு இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெனித்திடம் சொல்லும்போது, "அக்னஸு மொகம் ஒண்ணுதான்டா கண்ணுல நின்னுச்சு" என்றாராம்.

பிறகு விரல் எடுபட்டது. வளையல் சத்தம் மேலே போனது. செருப்பு ஒரு தடவை 'சரக்' என்றது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தொம்மை செய்த வேலையை நினைத்தால் எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். ஓடிப்போகவில்லை. ஓட முடியாது. 'அருள் நிறைந்த மரியே' என்று முணுமுணுத்துக்கொண்டே கிராஸைத் தட்டி உட்கார வைத்தார். ஒரு போல்ட் நழுவி விழுந்தது. தரையைத் தடவி எடுத்தார். ஒவ்வொன்றையும் முறுக்கி, தண்டு மார்பை விட்டு எழுந்ததும்தான் முழு மூச்சு வந்தது. ஊர்ந்து வெளியே வந்தார்.

அமல்ராணி அதே இடத்தில் குந்திக்கொண்டு இருந்தார். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. பின்சக்கரத்துப் பக்கம் பார்க்கவில்லை. புருஷனைக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில், அவர் படுத்திருந்த கோணியையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஏறு அமலு."

அவர் எழவில்லை. தொம்மைதான் தோளைப் பிடித்துத் தூக்கி, கேபினில் ஏற்றி, காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தார். இடது சக்கரத்துக் கல்லைத் தூக்க முடியவில்லை. ஆனால் சத்தியம் செய்திருக்கிறாரே… மார்போடு அணைத்து, டூல்பாக்ஸின்மேல் ஏற்றி, அங்கிருந்து தோள் கொடுத்து லோடில் தள்ளினார். டார்ச் அடித்துப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். ஒரு கல் இல்லை. பெருக்கி விட்டதுபோல இருந்தது. கோணியை எடுக்க மட்டும் அவர் குனியவில்லை.

வண்டி கிளம்பியது. சத்தம் இல்லை. வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் பாரம் கூடியிருந்தது. ஏற்றத்தின் மிச்சத்தை முதல் கியரில்தான் ஏறியது. இரண்டாவது போட்டால் திணறியது. தொம்மை நொடிக்கு ஒருதரம் கண்ணாடியைப் பார்த்தார். எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதே அவரை உட்காரவிடவில்லை.

திண்டிவனத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு டீக்கடை. பெட்ரோமாக்ஸ் எரிந்துகொண்டு இருந்தது. தொம்மை இறங்கி முகம் கழுவினார். கிரீஸ் கையைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் கேட்டார்.

"எங்கண்ணா ரிப்பேரு?"

"அந்த ஏரிக்கரை ஏத்தத்துல."

டீ ஆற்றிக்கொண்டு இருந்த கை நின்றது.

"கல்லு போட்டீங்களா?"

"போட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப சரி" என்று மறுபடியும் ஆற்ற ஆரம்பித்தார். 

விடிவதற்கு முன்னால் முகையூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்னஸ் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு, கிரீடம் வைத்து, கையில் மெழுகுவர்த்தியோடு கோயிலில் வரிசையில் நடந்தாள். தொம்மை கடைசி வரைக்கும் முட்டி போட்டே இருந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது.

பத்து மணிக்கு வேங்கடேசன் வீட்டில் லோடு இறக்கினார்கள். மேலே ஏறிய ஆள் அங்கிருந்தே கூப்பிட்டான். வேங்கடேசன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாண்ணே, ரோட்டுல கெடந்ததெல்லாம் பொறுக்கிக்கினு வந்துட்டியா?"

கீழே இருந்தது குவாரியில் அப்போதுதான் உடைத்த கல்… வெளேரென்று முனை கூர்மையாக. மேலே குவிந்திருந்தது வேறு. மழையில் நனைந்து பாசி பிடித்த கல், தார் ஒட்டிய கல், டயர் தடம் பதிந்த கல். ஒரே லாரிக்காரன் வைத்த கல் இல்லை. வருஷக்கணக்காக யார் யாரோ வைத்துவிட்டுப் போன கல். அதில் ஒன்றின் வெடிப்பில் கண்ணாடித் துண்டு ஒன்று செருகிக்கொண்டு இருந்தது. மோப்பட் விளக்கின் கண்ணாடி.

அந்தக் கல்லையெல்லாம் மதிலுக்குப் போட தொம்மை விடவில்லை. தனியாக எடுத்துக்கொண்டு போய்க் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே அடுக்கி வைத்தார். சாமியார் ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் சாமி" என்று மட்டும் சொன்னாராம்.

வண்டியை அவர் விடவில்லை. பிழைப்பு அதுதானே. ரிப்பேரும் அவரேதான் பார்த்தார். வாரத்துக்கு ஒருநாளாவது அடியில் படுத்தார். ஹேண்ட் பிரேக்கை மறுநாளே சரிசெய்துவிட்டார். ஆனால் மனதில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அத்தனை கல்லும் ஒவ்வொன்றாகப் போனதை அமல்ராணி வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. சண்டை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்.

"கட்ன புருஷன் அடியில கெடக்கறேன். வாயப் பொத்திக்கினு குந்தியிருந்தவதான நீ."

அமல்ராணி எழுந்து உள்ளே போய்விடுவார். 

நாலுவழி ரோடு போட்ட சமயத்தில் வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். அன்று ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே அமல்ராணி கேட்டார்.

"இனிமே நீங்க எந்த வண்டிக்கு அடியிலயும் படுக்கமாட்டீங்களே?"

"எங்க படுக்கறது? அதான் போச்சே."

"அப்ப சொல்றேன். அன்னிக்கி அவ மொதல்ல எங்கிட்டதாங்க வந்தா. பக்கத்துல வந்து குந்திக்கினா. நான் டார்ச்சு அடிக்கற எடத்தையே குனிஞ்சு பார்த்தா. நான் கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அவ என் கையப் புடிச்சிக்கினா…"

தொம்மை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"'கத்தாதக்கா'ன்னா. 'உங்க வூட்டுக்காரருக்குப் பக்கத்துல படுத்துக்கினு இருக்கறது எங்க வூட்டுக்காரரு. இப்பதான் தூங்கறாரு… எழுப்பிடாத'ன்னா."